விருந்தாளியும் வீட்டுப்பிள்ளையும்

"ஜப்பானைப் பாருங்கள்" என்று தொடங்கும் எந்தப் பேச்சையும் ஐயத்தோடு கேட்கப் பழகிவிட்டோம். அண்மையில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினராக வந்தவர் அரைமணி நேரம் எங்களை ஜப்பானைப் பார்க்கச் சொன்னார். அங்கே பள்ளிகளில் துப்புரவுப் பணியாளரே இல்லையாம். பிள்ளைகளே கழிப்பறை கழுவுகிறார்களாம். நான்காம் வகுப்புவரை தேர்வே கிடையாதாம். ஒழுக்கம் அவர்கள் குருதியில் ஊறியதாம். அரங்கம் கைதட்டியது. எழுந்து மறுக்காமல் வாளா இருந்துவிட்ட குற்றவுணர்வுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பொய்களைக் களைந்துவிடுவோம். ஜப்பானியப் பிள்ளைகள் நாள்தோறும் பள்ளியைத் தூய்மை செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பள்ளிகளில் பராமரிப்புப் பணியாளர்களும் இருக்கிறார்கள். தேர்வு இல்லை என்பது வெறுங்கதை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஒவ்வொரு பாடப்பகுதி முடிந்ததும் தேர்வுத்தாள் எழுதுகிறார்கள். கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளே. அதன்பின் மேனிலைப்பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. பதினைந்து வயதில் எந்தப் பள்ளி கிட்டுகிறது என்பது பிள்ளையின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதற்கெனத் தனிப்பயிற்சிக் கூடங்கள் மாலை முழுதும் இயங்குகின்றன. ஒழுக்கம் குருதியில் ஊறியது என்னும் கூற்றுக்கு விடையிறுக்கவே நமக்கு நாணமாக இருக்கிறது. எந்த ஒழுக்கமும் எந்தக் குருதியிலும் இல்லை. அது கற்பிக்கப்படுவது, கற்பிப்பதற்கு ஒரு விலையும் உண்டு.

அந்த விலை யாதென்று சொல்லத்தக்கவர் யார்? பத்து நாள் சுற்றுலா சென்று புல்லட் ரயிலின் நேரந்தவறாமையில் மயங்கித் திரும்புவோர் அல்லர். அங்கேயே பிறந்து வளர்ந்தோர்க்கும் அது எளிதன்று. மீனுக்கு நீர் தெரிவதில்லை. சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. பதினாறு பதினேழு வயதில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் தங்கி, ஒரு ஜப்பானிய மேனிலைப்பள்ளியின் சீருடை அணிந்து, ஏறக்குறைய ஓராண்டு அவர்களுள் ஒருவராக வாழ்ந்து திரும்பும் பரிமாற்ற மாணவர். அவரை நாம் கேட்பதில்லை. அவர் கையில் ஒரு சான்றிதழும் கழுத்தில் ஒரு மாலையும் கொடுத்து, மேடையில் நிழற்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

நம் உடன்பணியாளர் ஒருவரின் மகள் அவ்வாறு சென்று திரும்பியவள். அவளைக் கேட்டோம். மற்றோர் எல்லாரும் கேட்பதுபோல் உணவைப் பற்றியும் நிலநடுக்கத்தைப் பற்றியும் கேளாமல், "எந்த நாளில் நீ அங்கே ஒருத்தி ஆனாய்?" என்று கேட்டோம். சற்றே யோசித்து அவள் சொன்ன விடை நம்மைத் திகைக்க வைத்தது. "வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்காமலே என் கையில் துடைப்பத்தைத் திணித்த நாளில்."

முதல் சில வாரங்கள் அவளை யாரும் பெருக்க விடவில்லையாம். பள்ளி வாயிலில் வெளிக்காலணியைக் களைந்து உள்காலணி மாற்றும் இடத்தில் அவள் பெயரெழுதிய பெட்டி இருந்தது. வகுப்பில் நாற்காலி இருந்தது. ஆனால் துப்புரவு முறைப்பட்டியலில் அவள் பெயர் இல்லை. விருந்தாளியை வேலை வாங்கலாகாது என்னும் பண்பு. இரண்டு சொல் ஜப்பானிய மொழியில் பேசினால் போதும், "நிஹோங்கோ ஜோஸு", அதாவது உன் ஜப்பானிய மொழி அருமை என்று சுற்றியிருப்போர் வியப்பார்கள். மொழி உண்மையில் தேறத் தேற அந்தப் பாராட்டு குறைந்தது. ஒருநாள் அறவே நின்றது. பாராட்டு நின்ற நாள்தான் தான் பேசியதை மற்றவர்கள் கேட்கத் தொடங்கிய நாள் என்றாள் அந்தப் பெண். இருபதாண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நமக்கு இதைவிடக் கூரிய சொல் அண்மையில் காதில் விழுந்ததில்லை. புகழ்ச்சியும் ஒரு வேலியே.

வீட்டிலும் அவ்வாறே. ஜப்பானியக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டி ஒன்று நிரப்பப்படும். உடலை வெளியே தேய்த்துக் கழுவிக்கொண்ட பின்னரே தொட்டியில் இறங்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக முழுக் குடும்பமும் அதே நீரில் அமிழும். விருந்தினர்க்கு முதல் முறை. சில மாதங்கள் கழித்து அவள் முறை மூன்றாவதாயிற்று. வீட்டுத் தலைவி சினந்தாளோ என்று அன்றிரவு அவள் அஞ்சினாளாம். பின்னரே புரிந்ததாம், தன்னை விருந்தாளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று.

இங்கேதான் நம் சிறப்பு விருந்தினரின் பேச்சு நொறுங்குகிறது. அவர் துடைப்பத்தைக் கண்டார். அதை யார் யாருக்குத் தருகிறார் என்பதைக் காணவில்லை. அங்கே துப்புரவு ஒழுக்கப் பாடம் ஆவது அது முறைவைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதால். மருத்துவர் மகனுக்கும் மீனவர் மகளுக்கும் அதே ஈரத்துணி என்பதால். நம் நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் கழிப்பறை கழுவிய செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். எந்தப் பிள்ளைகள் அவ்வேலைக்கு ஏவப்பட்டார்கள் என்பதையும் உடன் படித்திருக்கிறோம். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஏவும் மண்ணில் நின்றுகொண்டு, "ஜப்பானில் பிள்ளைகளே கழுவுகிறார்கள்" என்று கைதட்டல் வாங்குவது அறியாமையா, அன்றி அறிந்தே செய்யும் சூதா? முறைப்பட்டியலை விட்டுவிட்டுத் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்யச் சொல்பவரை நாம் நம்பத் தயாராக இல்லை.

நண்பர்களே, இத்தகைய மாணவரை ஜப்பானிய மொழி 'ர்யூகாகுசெய்' என்று அழைக்கிறது. தங்கிக் கற்கும் மாணவர் என்பது பொருள். இச்சொல் நேற்று வந்ததன்று. எட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து சீனத்தின் தாங் பேரரசுக்குச் சென்ற தூதுக்குழுக்களில், விரைந்து திரும்பும் மாணவர் என்றும் நெடுநாள் தங்கும் மாணவர் என்றும் இருவகையினர் இருந்தனர். தங்கியோர்க்கு வழங்கிய பெயர்தான் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் வழங்குகிறது. 717இல் ஒரே பயணத்தில் சென்ற இருவரின் கதையை எண்ணிப் பாருங்கள். கிபி நோ மகிபி நூல்களோடும் புதுக்கலைகளோடும் 735இல் நாடு திரும்பி உயர்பதவி எய்தினார். அபே நோ நகமாரோ தாங் அரசவையில் பணிபுரிந்தார். 753இல் திரும்ப முயன்றபோது புயல் அவர் கப்பலை இன்றைய வியட்நாம் கரைக்கு அடித்துச் சென்றது. மீண்டும் சீனத்துக்கே மீண்டு, 770இல் அங்கேயே மறைந்தார். அவர் ஊர் திரும்பவே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு பிள்ளை. 1871இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இவாகுரா தூதுக்குழுவோடு ஐந்து சிறுமியர் அனுப்பப்பட்டனர். அவர்களில் இளையவளான ட்சுதா உமேகோவுக்கு அப்போது ஆறு வயது. 1882இல் திரும்பியபோது அவள் தாய்மொழியையே ஏறக்குறைய மறந்திருந்தாள். தன் வீட்டிலேயே அயலாள் ஆனாள். அவள்தான் பின்னர் 1900இல் பெண்களுக்கென உயர்கல்விக் கூடம் ஒன்றைத் தோற்றுவித்தார். 2024இல் வெளிவந்த 5,000 யென் தாளில் அவர் முகம் இருக்கிறது.

தங்கிக் கற்றல் என்பது சுற்றுலாவும் அன்று, மொழிப்பயிற்சி முகாமும் அன்று, கல்லூரி விண்ணப்பத்தில் சேர்க்கும் கூடுதல் வரியும் அன்று என்பதைக் காட்டவே இவற்றைச் சொன்னோம். போனவர் அதே ஆளாகத் திரும்ப மாட்டார் என்பதே அதன் விதி. சிலர் திரும்பாமலே போவதும் உண்டு. இதைச் சொல்லாமல் பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவோர், சொல்ல வேண்டியதில் பாதியை மறைக்கிறார்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ் படித்தோரிடம் ஜப்பான் என்றதும் பேச்சு சுசுமு ஓனோவில் வந்து நிற்கும். ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் உள்ளதென நெடுங்காலம் வாதிட்ட அவ்வறிஞர் (1919–2008) நம் மதிப்புக்குரியவர். ஆனால் அக்கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதை நம் மேடைகள் மறைத்தே வந்திருக்கின்றன. உறவுக்குக் குருதிச் சான்று தேடும் இப்பழக்கம் ஏன்? ஜப்பானியப் பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படும்போது "இத்தே கிமாஸ்" என்கிறது. 'போய் வருகிறேன்' என்பதே அதன் நேர்ப்பொருள். போகிறேன் என்று மட்டும் சொல்லி வாசல் தாண்டுவதை அமங்கலம் என்று நம் பாட்டிமார் கடிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து "வந்துவிட்டேன்" என்று குரல் கொடுத்தால் உள்ளிருந்து "ஒகாயெரி" என்று வரவேற்பார்கள். வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பும் நம் பிள்ளைகளுக்கு எளிது. நம் உடன்பணியாளரின் மகளை அந்த வீட்டோடு இணைத்தது ஓனோவின் சொற்பட்டியல் அன்று. நாள்தோறும் காலையில் அவள் சொன்ன அந்த 'போய் வருகிறேன்'. இதற்கு மேல் என்ன உறவு வேண்டும்?

ஜப்பானைப் புகழ்வோரை மறுத்தோம் என்பதற்காக ஜப்பானை இகழ வந்தோம் என்று எவரும் கருத வேண்டா. ஆனால் அங்கே சொல்ல வேண்டிய கடுஞ்சொல்லும் நம்மிடம் உண்டு.

ஒசாகா மாகாணத்தில் ஒரு மேனிலைப்பள்ளி மாணவி 2017இல் வழக்குத் தொடுத்தாள். பிறப்பிலேயே தன் தலைமயிர் பழுப்பு நிறம் என்றும், அதைக் கறுப்பாகச் சாயமிடுமாறு பள்ளி மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதென்றும் அவள் முறையிட்டாள். பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெளிநாட்டுப் பரிமாற்ற மாணவர் வந்தாலும் கறுப்புச் சாயம் பூசத்தான் சொல்வோம் என்று பள்ளி கூறியதாகவும் அவ்வழக்கின்போது செய்தி வந்தது. 2021இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவியின் இருக்கையை வகுப்பிலிருந்து அகற்றியதும் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் தவறு. அதற்கு 3,30,000 யென் இழப்பீடு. ஆனால் தலைமயிர் விதி பள்ளியின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. மேல்முறையீடுகளிலும் இந்நிலை மாறவில்லை.

பரிமாற்ற மாணவர் பற்றிய அந்தக் கூற்றைச் சற்றே நின்று பாருங்கள். அதில் ஒரு கோணலான சமத்துவம் இருப்பதை மறுக்க மாட்டோம்; விருந்தாளிக்கும் விலக்கில்லை என்கிறது. துடைப்பத்தைத் திணித்த கையும் சாயக் குப்பியை நீட்டும் கையும் ஒன்றுதானோ என்று ஐயம் எழும். ஒன்றன்று. துடைப்பம் ஒரு வேலையில் பங்கு தருகிறது; சாயம் ஒரு பிறப்பை மறைக்கச் சொல்கிறது. முதலாவது 'நீயும் எங்களோடு சேர்' என்கிறது. இரண்டாவது 'நீ நீயாக இராதே' என்கிறது. இவ்விரண்டையும் ஒரே 'ஒழுக்கம்' என்னும் சொல்லால் மூடுவதே நம் மேடைப் பேச்சாளரின் பிழை. அதுவே அந்த விதியை எழுதியோரின் பிழையும்.

விலை இத்தோடு நிற்பதில்லை. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் சேரும் மன்றங்களில், மூத்தோர் செம்பாய், இளையோர் கோஹாய் என்னும் படிநிலை ஆட்சி செய்கிறது. அதில் அன்பும் உண்டு. நட்புகள் வாழ்நாள் முழுதும் நீடிப்பதும் உண்டு. ஆனால் 2012இல் ஒசாகாவில் மேனிலைப்பள்ளிக் கூடைப்பந்துக் குழுவின் தலைவனாயிருந்த மாணவன் பயிற்றுநரின் தொடர் அடிகளுக்குப் பின் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பள்ளியில் அடித்தலை 1947ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே தடுத்திருந்தது. 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் 3,46,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல மறுத்தோராகக் கணக்கிடப்பட்டனர். இந்த எண்ணை எந்த ஆண்டுவிழாவிலாவது கேட்டிருக்கிறீர்களா?

"ஊரோடு ஒத்து வாழ்வதே வந்தவர் கடமை, விதியை ஆராய்வது விருந்தாளியின் வேலையன்று" என்று நண்பர் சிலர் நம்மோடு மாறுபடக்கூடும். முதற்பாதியை ஒப்புகிறோம். காலணியை மாற்றட்டும், குப்பையை வகைபிரித்துக் கட்டட்டும், உடல் கழுவாமல் தொட்டியில் இறங்காதிருக்கட்டும். இரண்டாம் பாதியை மறுக்கிறோம். வந்த பிள்ளை எதையும் கேளாமல் திரும்புமாயின் அங்கே நடந்தது ஒருவழிப் பாதை, பரிமாற்றம் அன்று. விதிகள் மாறாதவையும் அல்ல. கூந்தலைக் கறுப்பாக்கச் சொல்லும் விதி உள்ளிட்ட சிலவற்றைத் தோக்கியோ பெருநகர மேனிலைப்பள்ளிகள் 2022 ஏப்ரல் முதல் கைவிட்டன. யாரோ கேட்டார்கள், மாறியது.

நம் மொழி இங்கே நமக்கு உதவுகிறது. பரிமாறுதல் என்னும் சொல்லுக்கு நம்மிடம் இரு பொருள். இலையிட்டு உணவு படைத்தலும் பரிமாறுதல். ஒன்றைத் தந்து ஒன்றைப் பெறுதலும் பரிமாறுதல். வந்த பிள்ளைக்கு உணவு பரிமாறிவிட்டு, எண்ணங்களைப் பரிமாறியதாகக் கணக்கெழுதும் பழக்கம் ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளிக்கு ஒரு ஜப்பானிய மாணவர் வந்தால் என்ன செய்வோம்? பொட்டு வைத்து, வேட்டியோ சேலையோ உடுத்தச் செய்து, மேடையில் 'வணக்கம்' சொல்ல வைத்துக் கைதட்டுவோம். கடைசிவரை அவர் விருந்தாளி.

இனி, இப்பொருளைப் பேசும் எவரும் தவிர்க்கக் கூடாத ஒரு பெயர். ஹத்தோரி யோஷிஹிரோ. நகோயாவைச் சேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளை. பரிமாற்ற மாணவனாக 1992இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகருக்குச் சென்றான். அக்டோபர் 17 அன்று, தான் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளையோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனவன், முகவரி தவறி வேறொரு வீட்டின் மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்றார். அசையாதே என்பது பொருள். பிள்ளை புன்முறுவலோடு முன்னே வந்தான். சுடப்பட்டு இறந்தான். 1993இல் நடுவர் குழு வீட்டுக்காரரைக் குற்றவாளியல்லர் என்று விடுவித்தது. 1994இல் உரிமையியல் வழக்கில் மட்டும் அவர் இழப்பீடு தரப் பணிக்கப்பட்டார்.

அந்நாளில் பலரும் இதிலிருந்து கற்ற பாடம் என்ன தெரியுமா? 'ஃப்ரீஸ்' என்னும் சொல்லுக்குப் பொருள் தெரியாததால் ஒரு பிள்ளை மாண்டான். ஆகவே ஆங்கிலம் நன்கு கற்பியுங்கள் என்பது. பரிமாற்றத்தை மொழிப்பயிற்சியாகக் கருதும் மனப்பாங்கின் முழு வறுமையும் இதில் இருக்கிறது. அவன் இறந்தது சொல் தெரியாமையால் அன்று. மணியடித்த பிள்ளையைப் பார்த்ததும் துப்பாக்கி எடுக்கத் தூண்டிய அச்சத்தால்.

அவன் பெற்றோர் இதைத் தெளிவாக அறிந்திருந்தனர். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டி ஜப்பானில் 17 லட்சம் கையொப்பங்கள் திரட்டி, 1993 நவம்பரில் குடியரசுத் தலைவர் கிளின்டனை நேரில் கண்டனர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய வகைசெய்யும் பிரேடி சட்டம் அதே மாதம் 30ஆம் நாள் கையொப்பமாயிற்று. அதன் பின் அவர்கள் செய்ததுதான் நம்மை மௌனமாக்குகிறது. மகன் நினைவாக ஒரு நிதியம் நிறுவி, ஆண்டுக்கொருவராக அமெரிக்க மேனிலைப்பள்ளி மாணவரை ஜப்பானுக்கு அழைக்கத் தொடங்கினர். துப்பாக்கி இல்லாத தெருவில் நடந்து பார்க்கட்டும், ஒரு வீட்டில் பிள்ளையாய் இருந்து பார்க்கட்டும் என்று. எந்த நாடு தம் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லையோ அந்த நாட்டுப் பிள்ளைகளை. கதவை அடைத்துக்கொள்ள அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

2018இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம், ஐந்தாண்டுகளில் ஆசிய நாடுகளிலிருந்து 1,000 மேனிலைப்பள்ளி மாணவரை அழைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாலம் என்று பெயர். இந்திய மாணவரும் அதில் சென்றனர். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆயினும் பாலம் கட்டுவோர் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று அல்ல, எத்தனை பேரின் பெயர் துப்புரவு முறைப்பட்டியலில் ஏறியது என்று கணக்கெடுக்கட்டும். பரிமாற்ற மாணவரைக் கடைசி வரிசையில் அமர்த்திப் புன்முறுவலோடு மறந்துவிடும் பள்ளியும், சாயக் குப்பியோடு வரவேற்கும் பள்ளியும் இரு நுனிகள். இடையில் உள்ள வழியைத் துடைப்பம் திணித்த அந்த மாணவி கண்டுகொண்டாள். கல்வியாளருக்கு ஏன் கடினம்?

பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். அனுப்புங்கள். ஆனால் பரிசுப்பொருள் வாங்கி வர அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் உறவினர் நடுவே நிறுத்தி "ஜப்பானிய மொழியில் ஏதாவது பேசிக் காட்டு" என்று கேளாதீர்கள். அப்பிள்ளை சில வாரங்கள் பேசாமல் இருக்கும். வீட்டு வாசலில் நின்று காலணியை எங்கே வைப்பதென்று தடுமாறும். நீங்கள் இயல்பென எண்ணிய ஒன்றை ஏன் என்று கேட்கும். வீட்டில் யார் கடைசியில் உண்கிறார்கள், ஏன் எப்போதும் அவரே என்று கேட்கலாம். அக்கேள்விதான் நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த கல்வி. அதை அதட்டி அடக்கிவிடாதீர்கள்.

அந்தச் சிறப்பு விருந்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மேடையில் ஜப்பானைப் பார்க்கச் சொல்வதற்கு முன், தாம் பேசும் பள்ளியின் துப்புரவுப் பணியை யார் யார் செய்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்தப் பட்டியலை முதலில் படிக்கட்டும். அதன் பின் அவர் ஜப்பானைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் நாம் அமர்ந்து கேட்போம்.